முதல்முறை வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவருக்கு: நிறம் பார்க்கும் வழி

புடவைக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் செய்யும் ஒரு காரியத்தைக் கவனித்திருப்பீர்கள். பிடித்த புடவையை எடுத்துக்கொண்டு நேரே கடை வாசலுக்குப் போவார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்காகத் தெரிந்தது வெயிலில் கத்தரிப்பூவாகிவிடுகிறதா என்று பார்ப்பார்கள். தோளில் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம்தான் பில் போடச் சொல்வார்கள். அதே குடும்பம் பெயிண்ட் கடைக்குப் போனால், ஷேட் கார்டில் (நிறங்கள் அச்சடித்த அட்டை) விரல் அகலமுள்ள ஒரு கட்டத்தைக் கடைக்குள்ளேயே பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் நான்கு அறைக்கும் நிறம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறது. புடவை பிடிக்காவிட்டால் பீரோவில் வைத்துவிடலாம். சுவரை எங்கே வைப்பது?

நானும் அப்படித்தான் செய்தேன். சென்னையில் நாங்கள் வாங்கிய பழைய அடுக்குமாடி வீட்டின் பெட்ரூமுக்கு, கடையில் மிக அழகாகத் தெரிந்த ஒரு பிஸ்தாப் பச்சை. அடித்து முடித்து, இரவு விளக்கைப் போட்டதும் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பதுபோல இருந்தது. பெயிண்டிலும் குறையில்லை, பெயிண்டர் வேலையிலும் குறையில்லை. அறையைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தது என் தப்பு. ஆறு வருடம் அந்தப் பச்சையோடு குடித்தனம் நடத்தினேன். அடுத்த முறை அடித்தபோது கடைப்பிடித்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தரையைப் பாருங்கள்

நிறம் தேடுவதற்கு முன்னால், அறையில் எதையெல்லாம் மாற்றப் போவதில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். தரை, சமையல் மேடை கிரானைட், குளியலறை டைல்ஸ், மரக்கதவு, பெரிய சோபா, கட்டில். பெயிண்டில் ஆயிரக்கணக்கான நிறங்கள் கிடைக்கும். உங்கள் தரை ஒரே நிறம்தான். ஆகவே தரைக்குப் பொருந்துகிற பெயிண்டைத் தேடுவதுதான் முறை.

தரையில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்துப் பாருங்கள். வெள்ளை டைல்ஸ் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தது பக்கத்தில் தாள் வந்ததும் லேசான மஞ்சளாகவோ ரோஸாகவோ சாம்பலாகவோ தெரியும். இதுதான் அதன் அடிநிறம். கிரீம் சாயல் உள்ள விட்ரிஃபைட் தரைக்கு மேலே நீலம் கலந்த சாம்பல் சுவர் வந்தால், நன்றாகத் துடைத்த தரைகூட அழுக்கு மஞ்சளாகத் தெரியும். புது வீட்டில் பலர் 'டைல்ஸ் மங்கிவிட்டது' என்று வருத்தப்படுவதற்கு, டைல்ஸை விட அதற்கு மேலே நிற்கும் சுவர்தான் பெரும்பாலும் காரணம்.

பழைய வீட்டின் ரெட் ஆக்சைடு சிவப்புத் தரை இருந்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். தரையில் விழும் வெளிச்சம் சிவப்பை ஏந்திக்கொண்டு சுவரின் கீழ்ப்பாதியில் ஏறும். அங்கே தூய வெள்ளை அடித்தால் லேசாக ரோஸ் பூசியதுபோல் இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் வெளிறிய பச்சை அல்லது வெளிறிய நீலப்பச்சை பக்கம் போகலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த ஹாலில் சுவர் வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லது. அந்தக் கல்லில் இருக்கும் பூ வேலையே போதும், சுவருக்கு வெள்ளையோ ஐவரியோ அடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தேக்குக் கதவு இருக்கும் அறையில் சந்தன நிறம் அடிக்கச் சொல்லும் பெயிண்டர்கள் அதிகம். கதவும் சுவரும் ஒன்றாகக் கரைந்துபோய், தேக்குக்குக் கொடுத்த காசு கண்ணில் படாமல் போகும் என்பது என் அபிப்பிராயம்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

இணையத்தில் தேடினால் 'வடக்கு ஜன்னல் அறை குளிர்ச்சியாக இருக்கும், அதற்கு மஞ்சள், ஆரஞ்சு சாயல் அடியுங்கள்' என்று வரும். அது லண்டன், நியூயார்க் வீடுகளுக்குச் சொன்னது. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும், வடக்கு ஜன்னலுக்கு வெயிலே கிடைப்பது அரிது. நம் கதை வேறு. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில், கன்னியாகுமரி 8 டிகிரியில். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சியைத் தாண்டி லேசாக வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் தெற்கே இறங்கி, நண்பகலிலும் 53 டிகிரி உயரம்தான் ஏறும். அதனால்தான் மார்கழி வெயில் தெற்கு ஜன்னல் வழியே அறைக்குள் வந்து படுத்துக்கொள்கிறது, மே மாதத்தில் அதே ஜன்னலில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எனவே நம் ஊரில் வடக்கா தெற்கா என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட, கிழக்கா மேற்கா என்று பார்ப்பது பயன்படும். மேற்கு ஜன்னல் அறையில் பிற்பகல் 3 மணிக்கு மேல் பொன்னிற வெயில் நேராகச் சுவரில் அடிக்கும். அங்கே மாம்பழ மஞ்சளோ பீச்சோ அடித்திருந்தால் சாயங்காலம் சுவர் எரிவதுபோல இருக்கும். வெளிறிய சாம்பல்நீலம், வெளிறிய பச்சை அந்த வெயிலைத் தணித்துக் காட்டும். காட்டும், அவ்வளவுதான். உள்சுவரின் நிறம் அறையின் சூட்டைச் சொல்லும்படி குறைக்காது. சூடு குறைய வேண்டுமானால் மொட்டை மாடிக்கும் வெளிச்சுவருக்கும் வெள்ளை அடியுங்கள். கிழக்கு அறையில் காலையில் எல்லா நிறமும் அழகு, மதியத்துக்கு மேல் வெளிச்சம் வடிந்துவிடும். அந்த மதியத்தை மனதில் வைத்துக் கிரீம் பக்கம் சாய்ந்த வெளிர் நிறம் எடுக்கலாம்.

அடுத்து, ஜன்னலைத் திறந்து எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நகரத்து வீடுகளில் பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சுவர்தான். அவர்கள் ரோஸ் அடித்திருந்தால் உங்கள் அறைக்குள் வருவதும் ரோஸ் வெளிச்சமே. வேப்பமரம் நின்றால் பச்சை வெளிச்சம். இதை எந்த ஷேட் கார்டும் சொல்லாது.

கடைசியாக விளக்கு. வேலைக்குப் போகும் குடும்பம் வீட்டுச் சுவரைப் பார்ப்பது பெரும்பாலும் இரவில்தான். எல்.இ.டி. டியூப் அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 4000 என்றால் நடுத்தரம், 3000 அல்லது 2700 என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500தான் எரிகிறது. என் பிஸ்தாப் பச்சையை ஆஸ்பத்திரி ஆக்கியதும் அதுதான். ஐந்தாவது வருடம் தற்செயலாக 4000 கெல்வின் டியூப் ஒன்றை மாட்டினேன், அந்தப் பச்சை திடீரென்று மனுஷ முகத்துக்கு வந்துவிட்டது. இப்போதிருக்கும் நிறம் பிடிக்கவில்லை என்று பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன், ஒரே ஒரு விளக்கை மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிந்தாலும் முடியும்.

ஷேட் கார்டை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

கடையில் கேட்டால் ஷேட் கார்டு தருவார்கள் அல்லது இரவலாகவாவது கொடுப்பார்கள். கடையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், செல்போன் திரையில் பார்த்து நிச்சயமாக முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு நிறம் காட்டும்.

கார்டில் ஒரே நிறம் வெளிரிலிருந்து அடர்த்திவரை வரிசையாக இருக்கும். கட்டத்தில் சாதுவாகத் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறியதும் கனத்துவிடும், ஏனென்றால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பித் தன்னைத்தானே கூட்டிக்கொள்ளும். உங்களுக்குப் பிடித்த கட்டத்திலிருந்து ஒரு படி, சின்ன அறை என்றால் இரண்டு படி வெளிராக எடுங்கள். வெளிர் நிறங்களின் அடிநிறம் தெரியவில்லையா, அதே வரிசையின் கடைசியில் இருக்கும் அடர் கட்டத்தைப் பாருங்கள். 'வெள்ளை மாதிரி' இருக்கும் ஒன்றின் குட்டு அங்கே வெளிப்படும்.

சில கார்டுகளிலும் கம்பெனிகளின் வலைத்தளங்களிலும் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு அது: கறுப்பு 0, வெள்ளை 100. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அறைக்கு 70க்கு மேல் பாருங்கள். ஜன்னல் நிறைய இருக்கும் ஹாலுக்கு 50, 60கூடச் சரிப்படும்.

இந்த நிலையில் ஓர் அறைக்கு மூன்று நிறம் மிச்சம் இருந்தால் போதும். பெயரை விட்டுவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு வைக்கும் பெயர்கள் மேகம், தேன், கனவு என்று எதுவாகவும் இருக்கும். கடையில் நிறம் கலக்கும் மிஷினுக்குத் தெரிந்தது எண் மட்டும்.

சாம்பிள் அடிப்பது

எதைத் தாண்டினாலும் இதை மட்டும் தாண்டாதீர்கள். சில கம்பெனிகள் சின்ன சாம்பிள் டப்பா விற்கின்றன. கிடைக்காவிட்டால் 1 லிட்டர் வாங்குங்கள், வீணானாலும் பரவாயில்லை. நேரே சுவரில் அடித்துப் பார்ப்பதுதான் வழக்கம், நான் அதை வேண்டாம் என்பேன். சுற்றிலும் இருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். மஞ்சள் சுவர் நடுவே அடித்த சாம்பல், கத்தரிப்பூ கலந்ததுபோலத் தெரியும். கெட்டியான வெள்ளை அட்டை இரண்டு அடிக்கு இரண்டு அடி வாங்கி, ஓரத்தில் இரண்டு விரல் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. ஒரு நிறத்துக்கு இரண்டு அட்டை இருந்தால் இன்னும் நல்லது, மூலையில் இரண்டையும் எல் வடிவில் வைத்தால் சுவரும் சுவரும் சந்திக்கும் இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஈரமாக இருக்கும்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) ஈரத்தில் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், காய்ந்ததும் ஒரு சாயல் கூடும். சுண்ணாம்பும், சுண்ணத்தூள் கலந்த மலிவு ரகமான டிஸ்டெம்பரும் நேர்மாறு, காயக் காய வெளுக்கும். முதல் கோட் அடித்த அன்றே 'இது நான் சொன்ன நிறமே இல்லை' என்று பெயிண்டரோடு சண்டைக்குப் போகிறவர்கள் பலர் மறுநாள் காலை அசடு வழிவது இதனால்தான்.

காய்ந்த அட்டையை டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். காலை, நண்பகல், மாலை நாலு மணி, இரவு விளக்கு வெளிச்சம் என்று நான்கு தடவை பாருங்கள். ஜன்னல் இருக்கும் சுவரில் ஒட்டுங்கள், பிறகு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில். தரையை ஒட்டி நிறுத்தியும் பாருங்கள். மூன்று நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், எது பிடிக்கிறது என்று தெரியாது. ஒன்றை மட்டும் ஒட்டி ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள். காலையில் காபி குடிக்கும்போது கண் அதிலேயே போய் நிற்கிறது என்றால் அது அதிகம். மாமியார், மருமகள், பிள்ளைகள் எல்லோரும் கருத்துச் சொல்லட்டும். அந்த அறையில் தூங்குபவர் வாக்குக்கு மதிப்பு அதிகம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்த அறைக்கு என்ன?

ஹாலுக்கு ஊரில் யாரும் குறை சொல்லாத ஐவரி, ஆஃப் வொயிட் வகையே நல்லது. ஸ்கிரீனும் சோபா உறையும் மாறிக்கொண்டே இருக்கும், சுவர் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஒரு சுவரை மட்டும் அடர்த்தியாக அடிக்க ஆசைப்பட்டால், உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும், ஜன்னல் இல்லாத சுவரை எடுங்கள். ஜன்னல் சுவரில் அடர் நிறம் வேண்டாம். வெளியே வெயில், சுற்றிலும் இருட்டு என்று கண் கூசும். நீளமான ஒடுங்கிய அறை என்றால் கடைசியில் இருக்கும் அகலம் குறைந்த சுவரில் அடர் நிறம் அடிக்க, அது கொஞ்சம் கிட்டே வந்ததுபோலத் தெரிந்து ரயில் பெட்டி உணர்வு குறையும்.

அடர் சிவப்பும் பளிச்சென்ற மஞ்சளும் செலவு இழுக்கும். வெளிர் நிற பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடிதான் அடியில் உள்ளதை மறைக்கிறது. அடர் நிறங்களுக்கான பேஸில் (கடையில் நிறம் கலப்பதற்கு முந்தைய மூல பெயிண்ட்) அது குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. இரண்டு கோட்டில் முடியாமல் மூன்று, நான்கு போகும். அதைக் கணக்கில் வைத்தே ஆசைப்படுங்கள்.

சமையலறையில் நிறத்தைவிடத் தாளிப்புதான் முக்கியம். எண்ணெய்ப் புகை எங்கே போய் ஒட்டுகிறது என்று பழைய சுவரைப் பார்த்தாலே தெரியும்: அடுப்புக்கு மேலேயும் எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுற்றியும். தூய வெள்ளை அங்கே ஆறு மாதத்தில் மஞ்சளாகும், ஆகவே முதலிலேயே கொஞ்சம் மஞ்சள் சாயலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பூஜை அறைக்கும் இதே யோசனைதான். நல்லெண்ணெய் விளக்கின் கரி படியும் சுவர் துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

படுக்கையறையில் படுத்துக்கொண்டு பாருங்கள், நின்றுகொண்டு அல்ல. கண்ணுக்கு எதிரே வரும் சுவர் சாதுவாக இருக்கட்டும், ஆசைப்பட்ட மயில் கழுத்து நிறத்தைத் தலைமாட்டுச் சுவரில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அறையில் மூன்றரை அடி உயரம்வரை ஒரு படி அடர்த்தியாக அடித்துவிட்டால் கை அழுக்கும் கிரேயான் கிறுக்கலும் அவ்வளவாக உறுத்தாது. பழைய பள்ளிக்கூடங்களிலும் மாடிப்படிகளிலும் கீழ்ப்பாதிக்கு ஆயில் பெயிண்ட் அடித்தது சும்மா இல்லை.

வாஸ்து பார்க்கும் வீடு என்றால் தென்கிழக்கு அக்னி மூலைக்குச் சிவப்பு, ஆரஞ்சுச் சாயலும் வடகிழக்குக்கு வெளிர் நிறமும் சொல்வார்கள். ஆரஞ்சு என்றதும் பயப்பட வேண்டாம், அந்த வரிசையின் முதல் கட்டம் ஏறக்குறைய கிரீம்தான். வீட்டுப் பெரியவர் மனசும் நிறையும், உங்கள் கண்ணும் தப்பிக்கும்.

பளபளப்பு எவ்வளவு?

ஒரே எண்ணுள்ள நிறம் பளபளப்பில்லாத 'மேட்' பூச்சில் ஒரு மாதிரியும், லேசாகப் பளபளக்கும் ஷீன், சாட்டின் பூச்சில் வேறு மாதிரியும் தெரியும். பளபளப்பு கூடினால் துடைப்பது சுலபம், ஆனால் பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) பார்த்ததில் இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் வெளியே வரும், அதுவும் சுவரோடு ஒட்டி டியூப்லைட் இருந்தால் அலை அலையாகத் தெரியும். உங்கள் சுவர் பழையது, பட்டி சுமார் என்றால் மேட் எடுங்கள். சமையலறை, பூஜை அறை, பிள்ளைகள் அறைக்கு சாட்டின் போல துடைக்கத் தாங்கும் ரகம். சீலிங்குக்கு மேட் வெள்ளை, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அடிப்பதற்கு முன் சுவரைத் தடவிப் பாருங்கள்

கையில் மாவுபோல ஒட்டினால் பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதைச் சுரண்டி உப்புத்தாள் போட்டு பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடிக்காமல் மேலே எமல்ஷன் அடித்தால் அப்பளம்போல உரியும். ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூத்திருந்தால், ஒழுகும் குழாயையோ மொட்டை மாடி விரிசலையோ சரிசெய்து காயவிட்ட பிறகே பெயிண்ட். ஓதத்தை அடர் நிறத்தால் மறைக்கலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள், வெள்ளை உப்பு அடர் நிறத்தில்தான் அதிகம் தெரியும். புதிதாகப் பூசிய சுவரைக் குறைந்தது ஒரு மாதம் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். தை பிறந்த பிறகு ஆரம்பித்தால் சுவரும் காய்ந்திருக்கும், பொங்கல் அவசரம் முடிந்து பெயிண்டர்களும் கிடைப்பார்கள்.

வாங்கும் நாள்

10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி, உயரத்தால் பெருக்க 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. டப்பாவில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று போட்டிருந்தால் 4 லிட்டர். நம் சுவர்கள் கம்பெனி சோதனைச் சுவர்போல வழவழப்பாக இருக்காது, ஒரு லிட்டர் கூட வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கடையில் கலக்கச் சொல்லுங்கள். பாதியில் தீர்ந்து மறுவாரம் போய் வாங்கினால், அதே எண்ணிலும் நூல் அளவு வித்தியாசம் வரலாம், சுவர் நடுவே அது கோடாகத் தெரியும். இரண்டு மூன்று டப்பா என்றால் ஒரு பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கி அடிக்கச் சொல்லுங்கள்.

'அந்தக் கம்பெனி நிறத்தையே இந்தக் கம்பெனி பெயிண்டில் கலந்து தருகிறேன், விலை குறைவு' என்பார்கள். ஏறக்குறைய வரும், அப்படியே வராது. அப்படிச் செய்வதானால் அந்தக் கலவையில் இன்னொரு அட்டை அடித்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

வேலை முடிந்த அன்று, டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் மிஷின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். நிறத்தின் எண், பேஸ், ரகம், தேதி, எந்த அறை என்று எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மிச்சமான பெயிண்டை விளிம்புவரை நிரம்புகிற மாதிரி சின்ன டப்பாவில் மாற்றி, மூடியை இறுக்கிப் பரணில் வையுங்கள். காலண்டர் ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைக்கும் அன்று தேடுவீர்கள்.